ஒரு கற்பனை இயந்திரமும் ஒரு குவளைத் தண்ணீரும்

ஒரு மனிதர் உயிர்வாழ நாளொன்றுக்குச் சுமார் 840 கிராம் ஒட்சிசன் தேவை. அதற்காக நாம் எவருக்கும் காசு கொடுப்பதில்லை. எவரிடமும் அனுமதி கேட்பதுமில்லை. ஆனால், காற்றே இல்லாத ஓரிடத்தில் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ நேர்ந்தால் நிலைமை என்னவாகும்? காற்றை யாரோ தயாரிக்க வேண்டும். தண்ணீரை யாரோ கொண்டுவர வேண்டும். தயாரிப்பவரும் கொண்டுவருபவரும் அதற்கு ஒரு விலை வைப்பார்கள். அந்த விலையைக் கொடுக்க முடியாதவர் என்ன செய்வார்?

விண்வெளிக் குடியேற்றங்களைப் பற்றிய விஞ்ஞானப் புனைகதைகள் ஏராளம் உள்ளன. அவற்றுள் இந்தக் கேள்வியை விடாது கேட்டுக்கொண்டே செல்வது ‘த எக்ஸ்பான்ஸ்’ என்னும் நாவல் வரிசையாகும். அட்டையில் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரே என்ற பெயர் இருக்கும். அது டேனியல் ஆப்ரகாம், டை பிராங்க் ஆகிய இரு அமெரிக்க எழுத்தாளர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். முதல் நாவலான ‘லெவியாதன் வேக்ஸ்’ 2011ஆம் ஆண்டிலும், ஒன்பதாவதும் இறுதியானதுமான நாவல் 2021ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 2015 முதல் 2022 வரை ஆறு பருவங்களைக் கொண்ட தொலைக்காட்சித் தொடராகவும் இது ஒளிபரப்பானது. விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ விருதை, சிறந்த நாவல் வரிசை என்ற பிரிவில், 2020ஆம் ஆண்டு பெற்றது.

இக்கட்டுரை அந்த நாவல்களின் கதையைச் சொல்ல வரவில்லை. கதை நிகழும் உலகம் எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது, அதன் தொழினுட்பம் எது, அந்தத் தொழினுட்பத்திலிருந்து அதன் வரலாறு எப்படிப் பிறந்தது என்பவற்றையே இங்கு பார்க்கப் போகிறோம்.

எப்ஸ்டீனின் இயந்திரம்

இன்று செவ்வாய்க்கு அனுப்பப்படும் விண்கலம் அங்கு சென்றடைய ஏறத்தாழ ஏழு மாதங்கள் எடுக்கிறது. ரொக்கெட் தன் எரிபொருளின் பெரும்பகுதியைச் சில நிமிடங்களில் எரித்துவிடும். அதன் பின் விண்கலம் எறியப்பட்ட கல்லைப் போலத் தன் பாதையில் மிதந்து செல்லும். பயணம் முழுவதும் இயந்திரத்தை இயக்கிக்கொண்டே போவதற்கான எரிபொருளை எந்தக் கலமும் சுமந்து செல்ல முடியாது.

இந்தத் தடையை உடைப்பதற்காகவே ஆசிரியர்கள் ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்தார்கள். கதை தொடங்குவதற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன், செவ்வாயில் வாழ்ந்த சொலமன் எப்ஸ்டீன் என்ற பொறியியலாளர், அணுக்கருச் சேர்க்கையால் இயங்கும் தன் சிறிய கலத்தின் இயந்திரத்தில் ஒரு மாற்றம் செய்கிறார். தனியாகப் போய் அதைச் சோதித்துப் பார்க்கிறார். இயந்திரம் அவர் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு சிறப்பாக இயங்குகிறது. அதுவே அவருக்கு எமனாகிறது. ஆர்முடுகல் அவரை ஆசனத்தோடு அழுத்துகிறது. இயந்திரத்தை நிறுத்தக் கையை உயர்த்தினால், அந்தக் கை பல மடங்கு கனக்கிறது. குரலால் கட்டளையிடும் வசதியை அவர் இயக்கி வைத்திருக்கவில்லை. கலம் எரிபொருள் தீரும்வரை விரைந்துகொண்டே போகிறது. எப்ஸ்டீன் இறந்துவிடுகிறார். ஆனால் இயந்திரத்தின் வரைபடங்கள் வீட்டுக் கணினியில் பத்திரமாக இருக்கின்றன. 2012இல் வெளிவந்த ‘டிரைவ்’ என்ற சிறுகதை இதைத்தான் சொல்கிறது.

இந்த இயந்திரம் எதை மாற்றுகிறது என்பதை உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவிகள் தாமே கணித்துப் பார்க்கலாம். செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வரும்போது இடைத்தூரம் சுமார் 5 கோடி 60 இலட்சம் கிலோமீற்றர். பூமியின் ஈர்ப்பில் மூன்றிலொரு பங்குக்குச் சமமான ஆர்முடுகலுடன் பாதித் தூரம் சென்று, கலத்தைத் திருப்பி, மீதிப் பாதியில் அதே அளவு அமர்முடுகலுடன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். கோள்களின் அசைவைக் கணக்கில் எடுக்காவிட்டால், மொத்தப் பயண நேரம் ஏறத்தாழ 73 மணித்தியாலங்கள். ஏழு மாதப் பயணம் மூன்று நாட்களாகச் சுருங்கிவிடுகிறது. நடுவழியில் கலத்தின் வேகம் செக்கனுக்கு 400 கிலோமீற்றரைத் தாண்டியிருக்கும்.

இப்படியோர் இயந்திரத்தை இன்று எவராலும் செய்ய முடியாது. அது வெளிவிடும் சக்தியில் மிகச் சிறு பங்கு வெப்பமாகக் கலத்தினுள் தங்கினாலே கலம் உருகிப்போகும். நாவலாசிரியர்கள் அதற்கு விளக்கம் சொல்ல முயலவில்லை. “இந்த ஒன்றை மட்டும் நம்புங்கள், மற்றதை நாங்கள் ஒழுங்காகச் சொல்கிறோம்” என்று வாசகருடன் அவர்கள் ஓர் உடன்படிக்கை செய்துகொள்வது போலிருக்கிறது.

மற்றவை விதிப்படியே

உடன்படிக்கையின் மறுபாதியை அவர்கள் பெரும்பாலும் காப்பாற்றுகிறார்கள். பல திரைப்படங்களில் விண்கலத்தினுள் மனிதர்கள் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல நடப்பார்கள். ஏன் மிதக்கவில்லை என்று எவரும் கேட்பதில்லை. எக்ஸ்பான்ஸ் உலகில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே கலங்கள் மாடிக் கட்டடங்களைப் போல அமைக்கப்பட்டுள்ளன. இயந்திரம் அடித்தளத்தில் இருக்கும். அது இயங்கும்போது தரை பயணிகளை மேல்நோக்கித் தள்ளும். லிஃப்ட் மேலெழும் கணத்தில் நம் உடல் சற்றுக் கனப்பதை உணர்கிறோம் அல்லவா, அதே உணர்வு பயணம் முழுவதும் நீடிக்கிறது. இயந்திரம் நின்றால் எல்லாரும் மிதப்பார்கள்.

நிலையங்களில் இயந்திரம் இல்லை. ஆகவே அவை சுழல்கின்றன. சுழலும் உருளையின் உட்புறத்தில் நிற்பவருக்கு வெளிச்சுவரே தரையாகும். இது புதிய யோசனையல்ல. ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி நூறாண்டுகளுக்கு முன்பே இதைப் பற்றி எழுதினார். 1970களில் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஜெரார்ட் ஓநீல் சுழலும் பெருநகரங்களுக்கான திட்டங்களை வரைந்தார். 1956 முதல் 2008இல் காலமாகும்வரை இலங்கையைத் தன் இல்லமாகக் கொண்டிருந்த ஆர்தர் சி. கிளார்க், 1973இல் வெளியிட்ட தமது ‘ரெண்டெவூ வித் ராமா’ நாவலில் சுழலும் ஓர் உருளை உலகத்தினுள் வாசகரை அழைத்துச் சென்றார். எக்ஸ்பான்ஸ் அந்த மரபில் வந்த படைப்பே.

ஆயினும் ஓரிடத்தில் ஆசிரியர்கள் வரம்பு மீறியிருக்கிறார்கள். சிறுகோள் பட்டையின் மிகப் பெரிய உறுப்பான சீரிஸ், நாவலில் அறுபது இலட்சம் பேர் வாழும் துறைமுக நகரம். அதன் உட்பகுதியைக் குடைந்து, முழுக் குறுங்கோளையுமே சுழலவைத்து, பூமியின் ஈர்ப்பில் பத்தில் மூன்று பங்கை உண்டாக்கியதாக நாவல் சொல்கிறது. உண்மையான சீரிஸின் விட்டம் சுமார் 940 கிலோமீற்றர். அது ஒருமுறை சுழல ஒன்பது மணித்தியாலங்கள் எடுக்கும். நாவல் கேட்கும் அளவுக்குச் சுழற்ற வேண்டுமானால் ஏறத்தாழ நாற்பது நிமிடங்களுக்கு ஒருமுறை அது சுழல வேண்டும். சீரிஸின் சொந்த ஈர்ப்போ பூமியினதில் முப்பதில் ஒரு பங்கிலும் குறைவு. அந்த வேகத்தில் பனியும் பாறையும் ஒட்டிக்கொண்டிருக்காமல் சிதறிப் பறந்துவிடும். நல்ல நாவலிலும் இப்படிக் குறை காண்பது தவறல்ல. கணக்குப் போட்டுப் பார்க்க நம்மைத் தூண்டுவதே இவ்வகை எழுத்தின் ஒரு பயன்.

தொடர்பாடலிலும் சலுகை இல்லை. ஒளியின் வேகத்தைவிட விரைவாக எந்தச் செய்தியும் போகாது. பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச்சேர மூன்று நிமிடங்கள் முதல் இருபத்திரண்டு நிமிடங்கள் வரை ஆகும். சனிக்கோளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேல். எனவே இவ்வுலகில் இருவர் தொலைபேசியில் பேசுவதுபோல் உரையாட முடியாது. செய்தியைப் பதிவுசெய்து அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விளக்கம் கேட்டு அனுப்பிய வினாவுக்கு விடை வருமுன் வதந்தி பரவிவிடுகிறது. சிலவேளை துப்பாக்கியும் வெடித்துவிடுகிறது.

உடலும் விலை கொடுக்கிறது. எடையற்ற நிலையில் வாழும் விண்வெளி வீரர்கள் சில எலும்புகளில் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரைச் சதவீதம் வரை அடர்த்தியை இழப்பது அறியப்பட்ட உண்மை. குறைந்த ஈர்ப்பில் பிறந்து வளரும் குழந்தையின் உடல் எப்படி அமையும் என்பதை இதுவரை எவரும் கண்டதில்லை. அந்த இடைவெளியை நாவல் கற்பனையால் நிரப்புகிறது. பெல்ட்டர்கள் எனப்படும் பட்டைவாசிகள் நெடிய, மெலிந்த உடலினர். பூமியின் ஈர்ப்பு அவர்களுக்குச் சித்திரவதை. பல நாட்டுத் தொழிலாளரின் மொழிகள் கலந்து அவர்களுக்கென ஒரு மொழி உருவாகிவிட்டது. தொலைக்காட்சித் தொடருக்காக அம்மொழியை நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் விரிவாக அமைத்துக் கொடுத்தார். பட்டைவாசிகள் பேசும்போது கைகளைப் பெரிதாக அசைப்பார்கள். விண்வெளி உடைக்குள் இருப்பவரின் முகம் தெரியாது, தலையசைப்பும் தெரியாது. ஆகவே தோள் குலுக்கலுக்கும் புன்னகைக்கும்கூடக் கைச்சைகை வேண்டியிருந்தது. பின்னர் உடை அணியாத வேளையிலும் அது பழக்கமாகிவிட்டது. ஒரு சமூகத்தின் பண்பாடு அதன் வேலையிலிருந்து எப்படி முளைக்கிறது என்பதை இந்தச் சிறு விவரம் அழகாகக் காட்டுகிறது.

இயந்திரம் எழுதிய வரலாறு

எப்ஸ்டீனுக்கு முன், செவ்வாய் பூமியின் குடியேற்றம். சுதந்திரம் கேட்ட செவ்வாயும் கொடுக்க மறுத்த பூமியும் போரின் விளிம்பில் நின்றன. அந்த வேளையில் புதிய இயந்திரம் செவ்வாயின் கைக்குக் கிடைத்தது. அது இயந்திரத்தைப் பூமியுடன் பகிர்ந்துகொண்டு சுதந்திரத்தைப் பெற்றது. அதுமுதல் செவ்வாய் மக்கள் தங்கள் வறண்ட கோளைப் பசுமையாக்கும் பெருங்கனவில் ஈடுபடுகிறார்கள். அதன் பலனைக் காணப்போவது தாங்களல்ல, தங்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளே என்று தெரிந்தும் உழைக்கிறார்கள். பூமியை ஐக்கிய நாடுகள் சபையே ஆள்கிறது. அங்கே மூவாயிரம் கோடி மக்கள். பெருந்தொகையானோருக்கு வேலை இல்லை; அரசு கொடுக்கும் அடிப்படை உதவியில் வாழ்கிறார்கள்.

மூன்றாமவர் பட்டைவாசிகள். அதே இயந்திரம்தான் சிறுகோள்களின் கனியவளத்தை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. தோண்டுவதற்குத் தொழிலாளர் போனார்கள். அங்கேயே திருமணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. போனாலும் உடல் தாங்காது. அவர்கள் தோண்டும் உலோகம் பூமிக்கும் செவ்வாய்க்கும் போகிறது. அவர்களுக்கு வேண்டிய தண்ணீரும் காற்றும் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

முதல் நாவல் தொடங்குவது ஒரு போர்க்கப்பலில் அல்ல. ‘கன்டர்பரி’ என்ற பழைய கலத்தில். சனியின் வளையங்களிலிருந்து பனிக்கட்டியை வெட்டி எடுத்துச் சீரிஸுக்குக் கொண்டுவருவது அதன் தொழில். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், அது ஒரு தண்ணீர் பவுசர். அந்தப் பவுசரை யாரோ அழித்துவிடுகிறார்கள். சூரிய குடும்பமே போருக்குத் தயாராகிறது. மற்றவர்களுக்கு அது ஒரு பழைய கலத்தின் இழப்பு. பட்டைவாசிகளுக்கோ தாகத்தின் செய்தி.

இதில் ஒரு முரண் உண்டு. சீரிஸின் மேலோட்டின் கீழ் பெருமளவு நீர்ப்பனி இருக்கிறது. 2015இல் அங்கு சென்றடைந்த ‘டோன்’ விண்கலம் அதனை மேலும் உறுதிப்படுத்தியது. அப்படியானால் சீரிஸ்வாசிகள் ஏன் சனியிலிருந்து பனி வாங்க வேண்டும்? அங்கிருந்த பனியைப் பூமியும் செவ்வாயும் முன்னரே எடுத்துச் சென்றுவிட்டன என்பதே தொலைக்காட்சித் தொடர் தரும் விடை. சொந்த நிலத்தின் தண்ணீரை இழந்தவர்கள் அதைப் பின்னர் விலைக்கு வாங்குகிறார்கள்.

இவ்வுலகின் வரலாற்றில் அன்டர்சன் நிலையம் என்றொரு பெயர் அடிக்கடி வரும். அந்த நிலையத்துக்கு வரும் பொருட்களின் மீது நிர்வாகம் ஒரு சிறிய மேலதிகக் கட்டணத்தை விதித்தது. வசதியுள்ளவருக்கு அது பொருட்டல்ல. அன்றாடம் உழைத்து அன்றாடம் காற்று வாங்குபவருக்கோ அது மூச்சின் விலை. மக்கள் நிலையத்தைக் கைப்பற்றினார்கள். பூமியின் படை வந்து தாக்கியது. பலர் இறந்தார்கள். அவர்கள் சரணடைய முயன்றிருந்தார்கள் என்பது தாக்குதலை நடத்திய தளபதி ஃபிரெட் ஜோன்சனுக்குப் பின்னர்தான் தெரிந்தது. அவர் படையைத் துறந்து, இறுதியில் பட்டைவாசிகளின் பக்கமே சேர்ந்துவிடுகிறார். கட்டணத்தின் அளவு சிறிதா பெரிதா என்பதைக் கட்டுபவரின் கைதான் தீர்மானிக்கிறது என்று இந்த நிகழ்வு நமக்குச் சொல்கிறது.

கனிமீட்டின் தோட்டம்

2012இல் வந்த இரண்டாவது நாவலான ‘கலிபன்ஸ் வோர்’, வியாழனின் கனிமீட் என்ற சந்திரனுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. சூரிய குடும்பத்தின் மிகப் பெரிய சந்திரன் அது. தனக்கெனக் காந்தப்புலம் கொண்ட ஒரே சந்திரனும் அதுவே. இதை 1996இல் கலிலியோ விண்கலம் கண்டறிந்தது. வியாழனின் கடும் கதிர்வீச்சிலிருந்து அந்தக் காந்தப்புலம் ஓரளவு பாதுகாப்புத் தருவதால், நாவலில் கனிமீட் வெளிக்கோள் மக்களின் விளைநிலமாகவும் கர்ப்பிணித் தாய்மார் நாடிவரும் இடமாகவும் இருக்கிறது. அங்கு சூரிய ஒளி பூமியில் விழுவதில் ஏறத்தாழ இருபத்தேழில் ஒரு பங்குதான். ஆகவே விண்ணில் மிதக்கும் பாரிய கண்ணாடிகள் ஒளியைத் திரட்டிப் பயிர்களுக்கு அனுப்புகின்றன.

போர் மூள்கிறது. ஒரு கண்ணாடி உடைந்து விழுந்து பயிர்க்கூடங்களை நொறுக்குகிறது. தாவரவியலாளரான பிராக்ஸிடிகி மெங் என்ற தந்தை, காணாமற்போன தன் சிறுமகளைத் தேடி அந்த நிலையமெங்கும் அலைகிறார். அலையும்போது இலைகளின் நிறத்தைப் பார்க்கிறார். மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது: கனிமீட் இறந்துகொண்டிருக்கிறது.

காரணத்தை அவர் விளக்குமிடம் இந்த நாவல் வரிசையின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. பூமியின் இயற்கையில் ஒவ்வொரு வேலைக்கும் பல வழிகள் உண்டு. ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று திறக்கும். மனிதர் கட்டிய சிறிய சூழற்றொகுதியில் வழிகள் சில மட்டுமே. ஒன்று பழுதடைந்தால் அதன் சுமை அடுத்ததன் மேல் விழும். அதுவும் களைத்து விழுந்தால் மூன்றாவது விழும். கடைசியில் எது முதலில் பழுதானது என்பதே தெரியாமற்போகும்.

இது கற்பனை மாத்திரமல்ல. 1991இல் அமெரிக்காவின் அரிசோனாவில், ‘பயோஸ்பியர் 2’ என்ற மூடிய கண்ணாடிக் கட்டடத்துள் எட்டுப் பேர் இரண்டாண்டுகள் வாழப் புகுந்தார்கள். காடு, வயல், சிறு கடல் எல்லாம் உள்ளே இருந்தன. ஆனால் காற்றிலிருந்த ஒட்சிசன் ஏறத்தாழ 21 சதவீதத்திலிருந்து 14 சதவீதமளவுக்குக் குறைந்துவிட்டது. மண்ணிலிருந்த நுண்ணங்கிகள் ஒட்சிசனைப் பயன்படுத்தி வெளிவிட்ட காபனீரொட்சைட்டைக் கட்டடத்தின் கொங்கிறீட் உறிஞ்சிக்கொண்டதால், அது தாவரங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இறுதியில் வெளியிலிருந்து ஒட்சிசன் செலுத்த வேண்டியதாயிற்று. சர்வதேச விண்வெளி நிலையத்தில், வியர்வையும் சிறுநீரும் உட்பட, நீரின் 98 சதவீதத்தை மீளப்பெறும் நிலை 2023இல் எட்டப்பட்டது. அது பெரும் சாதனை. ஆயினும் அந்த நிலையம் இன்றும் பூமியிலிருந்து வரும் சரக்குக் கலங்களை நம்பியே இயங்குகிறது.

ஆயிரம் சூரியன்கள் கிடைத்தபின்

பிந்திய நாவல்களில் வேற்றுலகப் பொருள் ஒன்றின் வழியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சூரிய குடும்பங்களுக்குக் கதவு திறக்கிறது. இனி நிலத்துக்கும் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. சண்டை ஓய்ந்துவிடும் என்று வாசகர் எண்ணுவார். 2014இல் வந்த நான்காவது நாவலில் நடப்பதைப் பாருங்கள். கனிமீட்டிலிருந்து அகதிகளாக வெளியேறி, எத்துறைமுகமும் ஏற்க மறுத்த பட்டைவாசிகள் ஒரு புதிய கோளில் இறங்கி, அதற்கு ஐலஸ் எனப் பெயரிட்டு, இலித்தியம் தோண்டி வாழத் தொடங்குகிறார்கள். பின்னர் ஐ.நா.வின் அனுமதிப் பத்திரத்துடன் ஒரு கம்பனி வந்து சேர்கிறது. அதற்கு அக்கோளின் பெயர் ‘நியூ டெரா’. ஒரே மண்ணுக்கு இரண்டு பெயர். முதலில் வந்து குடியிருப்பவருக்கா, கடதாசி வைத்திருப்பவருக்கா நிலம் சொந்தம் என்ற பழைய வழக்கு புதிய வானத்தின் கீழ் மீண்டும் தொடங்குகிறது.

எப்ஸ்டீனின் இயந்திரம் தூரத்தைச் சுருக்கியது. பங்கீட்டை அது மாற்றவில்லை. அதை மனிதர்கள்தான் மாற்ற வேண்டியிருந்தது. அவர்கள் மாற்றாதபோது புதிய வசதி பழைய அநீதிக்கு வாகனமாயிற்று. இந்தக் கற்பனை வரலாறு முழுவதும் சொல்லும் செய்தி இதுவே என்று கருதுகிறேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்நாவல்களில் வன்முறைக் காட்சிகளும் கடுஞ்சொற்களும் வளர்ந்தவர்களுக்கான விடயங்களும் உண்டு. சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு இவை ஏற்றவையல்ல. மூத்த மாணவிகளும் உங்களோடு கலந்து பேசியே தேர்ந்துகொள்வது நல்லது. ஆனால் மகள் ஒரு விண்வெளிக் கதையோடு அமர்ந்திருந்தால், நேரத்தை வீணாக்குகிறாள் என்று உடனே முடிவுசெய்துவிட வேண்டாம். அவள் படிப்பது பௌதிகவியலாகவும் வரலாறாகவும் இருக்கக்கூடும்.

மாணவிகளே, நீங்களும் இப்படியோர் உலகைப் படைத்து எழுதிப் பார்க்கலாம். அதற்கு மூன்று கேள்விகள் போதும். வாசகரை நம்பச் சொல்லும் அந்த ஒரு கற்பனை எது? அதைத் தவிர்ந்த மற்றவை இயற்கையின் விதிக்கு அமைகின்றனவா? அந்தக் கற்பனையால் வாழ்வு இலகுவானவர் யார், கடினமானவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை எழுதத் தொடங்கும்போதுதான் இயந்திரங்களின் பட்டியல் ஒரு கதையாக மாறும். அந்தக் கதையில் ஒருவர் ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கும் காட்சி வந்தால், அது எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார், அவர் குடித்தாரா என்பதையும் எழுத மறந்துவிடாதீர்கள்.